பாட்டி புறப்பட்டு விட்டாள்!

திருக்கடையூருக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ இல்லையோ, அங்கே நடக்கப் போகும் ஒரு விசேஷத்துக்கான பத்திரிகை உங்கள் வீட்டுக்கு நிச்சயம் வந்திருக்கும். மூலைகளில் மஞ்சள், தலைப்பில் பிள்ளையார், நடுவில் கொட்டை எழுத்தில் 'சதாபிஷேகம்', அடியில் பேரன் பேத்திகளின் பெயர் வரிசை. முன்பு தபாலில் வந்தது. இப்போது கைப்பேசியில் 'டிங்' என்று வந்து விழுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பெரியப்பாவுக்கு எண்பது முடிந்ததற்காக நாங்களும் அங்கே போயிருந்தோம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் இருக்கும் சின்ன ஊர். மார்க்கண்டேயனுக்காக யமனையே காலால் உதைத்த ஈசுவரன் கோயில் கொண்டிருக்கும் இடம். ஆகவே ஆயுளைப் பற்றிய காரியங்களுக்கெல்லாம் அதுதான் தலைமை ஸ்தலம். பொழுது நன்றாக விடிவதற்கு முன்பே பிராகாரத்தில் கால் வைக்க இடம் இல்லை. பத்தடிக்கு ஒரு ஹோம குண்டம். குண்டத்துக்கு ஒரு தம்பதி. ஒரு தூணடியில் அறுபது, அடுத்த தூணடியில் எழுபது, அதற்கும் அடுத்ததில் எண்பது. மாலையும் கழுத்துமாகத் தாத்தாவும் பாட்டியும் வெட்கத்தோடு உட்கார்ந்திருக்க, பேரக் குழந்தைகள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுகின்றன. "தாத்தா! பாட்டியைப் பார்த்துக் கொஞ்சம் சிரியுங்கள்!" என்றார் வீடியோக்காரர். ஐம்பத்தைந்து வருஷமாக எங்கள் பெரியப்பா செய்யாத காரியம் அது. அன்றைக்குச் செய்தார்!

நாங்கள் தங்கியிருந்த விடுதியின் மானேஜரிடம், "இன்னும் இரண்டு அறை கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"மாடியில் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள், அம்மா! கீழ் அறைக்குத்தான் அடிபிடி. தேதி குறித்த கையோடு, மண்டபத்துக்கு முன்னால் கீழ் அறையைத்தான் பிடிக்கிறார்கள். அடுத்த கட்டடம் கட்டும்போது முதலில் லிப்ட், அப்புறந்தான் சுவர்!" என்றார் அவர்.

சிரித்துக் கொண்டே மாடி ஏறினேன். ஆனால் அந்த வார்த்தை மனத்தை விட்டுப் போகவில்லை. சமையல் காண்டிராக்டர், பூக்கட்டுகிறவர், நாதஸ்வரக்காரர், புகைப்படக்காரர், வேன் ஓட்டுகிறவர், கலசத்துக்குத் தேங்காய் கொண்டு வருகிறவர் என்று எத்தனையோ குடும்பங்கள் மனிதர்களின் வயதை வைத்தே அந்த ஊரில் அடுப்பு மூட்டுகின்றன. எண்பதைத் தொட்டவர் ஊருக்கு ஒருவர் என்று இருந்த காலத்தில் இப்படி நடந்திருக்க முடியுமா?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்கு ஓடிவிடாதீர்கள், சகோதரிகளே! நாலே நாலு எண்கள்தான்.

1941 முதல் 1951 வரையிலான பத்து ஆண்டுகளில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. எல்லோரும் முப்பத்திரண்டில் கண்ணை மூடினார்கள் என்று அர்த்தமில்லை; தொட்டிலிலேயே போன குழந்தைகள் அத்தனை பேர். இன்று அந்தச் சராசரி ஏறக்குறைய 70. அறுபதை எட்டிவிட்ட ஒருவருக்கு மேலும் சுமார் 18 ஆண்டுகள் உண்டு என்கிறார்கள். பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். தமிழ்நாட்டில் 2011 ஜனத்தொகைக் கணக்கின்போது நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது கடந்தவர்கள். 2021-க்கு மத்திய அரசின் புள்ளி விவரத் துறை மதிப்பிட்டது நூற்றுக்கு 13.6. 2031-ல் அது 18-ஐத் தாண்டும் என்பது அவர்கள் கணிப்பு. பெரிய ராஜ்யங்களில் நமக்கு முன்னால் போய்க் கொண்டிருப்பது கேரளம் ஒன்றுதான். இன்னொரு பக்கம், 1971 வாக்கில் ஒரு தாய்க்குச் சராசரி நாலு குழந்தை என்றிருந்த நம் ராஜ்யத்தில், 2019-21 குடும்ப நல ஆய்வின்படி அது இரண்டுக்கும் கீழே, 1.8-க்கு இறங்கிவிட்டது.

நாலு என்று சொல்லி ஏழெட்டு எண்களைச் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்! ஆனால் இந்த எண்களுக்குள்ளே ஓர் அதிசயம் ஒளிந்திருக்கிறது.

உங்கள் பாட்டியை நினைத்துப் பாருங்கள். கடைசிக் குழந்தை பிறக்கும்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டோ நாற்பதோ இருக்கும். அந்தக் கடைசிப் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் அறுபது. அதற்குள் மூத்த பிள்ளையின் குழந்தைகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஓர் இடைவெளியே கிடையாது. காசி யாத்திரை என்பது 'எல்லாக் கடமையும் முடிந்த பிறகு' என்று தள்ளிப் போட்ட விஷயம். அந்தப் 'பிறகு' பெரும்பாலோருக்கு வரவே இல்லை. இன்றைக்கு அறுபதைத் தொடுகிற பெண்மணிக்கோ இரண்டே குழந்தைகள். ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டுக்குள் இரண்டு பேரும் எங்கேயாவது வேலையில் அமர்ந்துவிடுகிறார்கள். கையில் கொஞ்சம் பென்ஷனோ, பாங்கு வட்டியோ வருகிறது. உடம்பில் தெம்பும் இருக்கிறது. நம் குடும்பங்களில் பெண்ணுக்கு இப்படிப் பத்துப் பதினைந்து வருஷம் முழுசாகக் கையில் கிடைப்பது இதுதான் முதல் தடவை.

அந்த வருஷங்களை என்ன செய்வது? எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு பேர் சேர்ந்து அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். தலைவி, உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். பதினொருவரில் ஒருத்தி என் சித்தி.

கும்பகோணத்துப் பக்கம் யாத்திரை அழைத்துப் போவதற்காக ஒரு டூர்க்காரர் துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். "நாலே நாளில் இருபத்தேழு கோயில், அம்மா! இந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள்!" என்று ஆரம்பித்தார்.

டீச்சர் கண்ணாடியைச் சரி செய்து கொண்டு கேட்டார்: "இருபத்தேழு கோயில் இருக்கட்டும். மொத்தம் எத்தனை படி?"

டூர்க்காரர் திகைத்துப் போனார். இத்தனை வருஷத் தொழிலில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லையாம்.

"சுவாமிமலையில் அறுபது. எனக்குத் தெரியும். மற்றதைச் சொல்லுங்கள். வேனின் முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம்? தங்கும் அறை கீழா, மாடியா? உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி மேல்நாட்டுக் கழிப்பறை உண்டா? இரவுச் சாப்பாடு ஏழரைக்குக் கிடைக்குமா, பத்து மணிக்கா? இரண்டு மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்துவீர்களா?"

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக் கொண்டார்.

ஊர் சுற்றிக் காட்டும் தொழில் இதுவரை யாரை மனத்தில் வைத்து நடந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தேனிலவு போகிற இளசுகள். கோடை விடுமுறைக்குக் குழந்தைகளோடு கிளம்புகிற அப்பா அம்மா. முதல் கூட்டத்துக்கு மலை உச்சி வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்குப் படகும் ஐஸ்கிரீமும் வேண்டும். குறைந்த நாளில் நிறைய இடம் பார்த்தால் அவர்களுக்குத் திருப்தி. மூட்டு வலிக்காரர்களுக்கு நேர் எதிர். இடம் குறைந்தாலும் பரவாயில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கூடக் காசு கொடுக்கவும் தயார். வாடிக்கைக்காரர் மாறிவிட்டார், கடையில் சரக்குத்தான் இன்னும் மாறவில்லை.

அங்கங்கே மாறிக்கொண்டும் வருகிறது. பழனியில் 1966-லேயே இழுவை ரயில் வந்தது. 2004-ல் கம்பியில் தொங்கிச் செல்லும் ரோப் கார் வந்தது. சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். 'இந்த ஜன்மத்தில் இல்லை' என்று கீழே நின்றே கும்பிட்டுத் திரும்பிய பாட்டிமார்கள், 2024-ல் அங்கே ரோப் கார் ஓடத் தொடங்கியதும் சில நிமிஷங்களில் மேலே போய் யோக நரசிம்மரைச் சேவித்து வந்தார்கள். மலைக் கோயிலுக்குப் படியேறிப் போனால்தான் புண்ணியம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்!

ரயில் விஷயத்தில்தான் எல்லோருக்கும் மனத்தாங்கல். ஐம்பத்தெட்டு நிறைந்த பெண்களுக்குப் பாதிக் கட்டணம், அறுபது நிறைந்த ஆண்களுக்கு நூற்றுக்கு நாற்பது தள்ளுபடி என்று ரயில்வே கொடுத்து வந்த சலுகை, 2020 மார்ச்சில் கொரோனா வந்த சமயம் நிறுத்தப்பட்டது. நோய் போயிற்று, பல ஆண்டுகள் கடந்தும் சலுகை திரும்பவில்லை. சலுகையைக் கொடுத்தால் கஜானாவுக்குப் பல நூறு கோடி நஷ்டம் என்பது அவர்கள் வாதம். ஆனால் கணவரிடம் கேட்காமல், பிள்ளையிடம் கேட்காமல், தன் மணிபர்ஸைத் திறந்து தானே ஒரு டிக்கெட் வாங்கிய எத்தனையோ பெண்களுக்கு அந்தப் பாதிக் கட்டணம் வெறும் பணமாக மட்டும் இருக்கவில்லை. அந்த லாபக் கணக்கை யார் போடுவது?

மிச்சம் இருக்கும் ஒரு சௌகரியம் கீழ்ப் படுக்கை. ஒவ்வொரு ஸ்லீப்பர் பெட்டியிலும் ஆறு அல்லது ஏழு கீழ்ப் படுக்கைகளை, நாற்பத்தைந்து வயது நிறைந்த பெண்களுக்கும் அறுபது நிறைந்த ஆண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இதிலே ஒரு சூட்சுமம். ஒரே டிக்கெட்டில் கும்பலாகப் பதிவு செய்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. தனியாகவோ, இரண்டு பேராகவோ இருக்க வேண்டும். கணக்கு டீச்சர் அல்லவா? பதினொரு பேருக்கு ஆறு டிக்கெட்டாகப் பிரித்து, இரண்டு பெட்டிகளில் பரப்பி வாங்கினார். பதினொரு பேருக்குமா கீழ்ப் படுக்கை கிடைத்தது என்று கேட்காதீர்கள். ஒன்பது பேருக்குக் கிடைத்தது. மற்ற இரண்டு பேருக்கும் காலேஜ் பையன்கள் இடம் மாற்றிக் கொடுத்தார்கள்.

இனி, துண்டுப் பிரசுரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரிக்கு வருகிறேன். 'கட்டணம் தலைக்கு, இருவர் தங்கும் அறைக்கு மட்டும். தனி அறைக்குக் கூடுதல்' என்று போட்டிருந்தது. யாரும் கவனிக்காத வரி. சித்தி கவனித்தாள்.

சித்திக்கு எழுபத்திரண்டு வயது. சித்தப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

திருக்கடையூரில் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் கலச ஜலம் விடுகிற நேரத்தில், சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். திரும்பிப் பார்த்தேன், சித்தி தூணுக்குப் பின்னால் போய் நின்று கொண்டிருந்தாள். வராதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே நகர்ந்து கொண்டாள். பெரியம்மா கவனித்துவிட்டு, ஈரப் புடைவையோடு எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எல்லா வீட்டிலும் ஒரு பெரியம்மா இருப்பாளா?

இது ஒரு சித்தியின் கதை அல்ல. இந்தியாவில் அறுபது கடந்த பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள் என்று 2011 கணக்கு காட்டுகிறது. அதே வயது ஆண்களில் மிகப் பெரும்பாலோருக்கு மனைவி இருக்கிறாள். ஆணைவிடப் பெண் சில வருஷம் இளையவளாகக் கழுத்தை நீட்டுகிறாள். சில வருஷம் கூடுதலாகவும் வாழ்கிறாள். ஆகவே வயதானவர்கள் பெருகப் பெருக, தனியாக இருக்கும் பாட்டிமார்கள்தான் அதிகமாகப் பெருகுவார்கள். பிரயாணத் தொழிலோ இன்னமும் ஜோடி ஜோடியாகவே மனிதர்களை எண்ணுகிறது. ஓட்டல் அறைக்கு இரண்டு பேர், பேருந்து இருக்கைக்கு இரண்டு பேர், விளம்பரப் படத்தில் கையைக் கோத்துக்கொண்டு இரண்டு பேர்.

நம்மைவிட முன்னதாகத் தலை நரைத்த நாடுகள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

ஜப்பானில் இன்று நூற்றுக்கு இருபத்தொன்பது பேர் அறுபத்தைந்து கடந்தவர்கள். அங்கே ரயில்வேக்காரர்கள் 1981-லேயே 'முழு நிலவு' என்று ஒரு டிக்கெட் போட்டார்கள். தேனிலவு வயது தாண்டியவர்களுக்கு முழு நிலவாம்! நிபந்தனை என்ன தெரியுமா? கணவன் மனைவி இருவருடைய வயதையும் கூட்டினால் 88-க்குக் குறையக் கூடாது. அப்படியானால் உயர் வகுப்பில் குறிப்பிட்ட நாள் வரை நாடு முழுதும் சுற்றலாம். சுமார் நாற்பது வருஷம் அந்த டிக்கெட் விற்றது, பிறகு நின்றுவிட்டது. ஜோடியாகப் போகிறவர்களுக்குத்தான் அது. ஆனால் ஜப்பானியர் அதோடு விடவில்லை. இரண்டே வருஷத்தில், 1983-ல், முப்பது வயது கடந்த பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து போவதற்கென்றே இன்னொரு டிக்கெட் போட்டார்கள். வீட்டுக்காரர் வரவில்லையா? சரி, தோழியோடு போ! அதுவும் பின்னால் நின்று போயிற்று என்றாலும், அறுபது நிறைந்த பெண்களும் அறுபத்தைந்து நிறைந்த ஆண்களும் சேரக் கூடிய ரயில் சங்கம் ஒன்று தள்ளுபடி கொடுத்து வருகிறது. இன்னும் தள்ளாதவர்களுக்கு, கூடவே வந்து சக்கர நாற்காலி தள்ளி, வெந்நீர் ஊற்றில் குளிப்பாட்டி, திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடும் துணையாட்களும் கூலிக்குக் கிடைக்கிறார்கள். அதையே பயின்று, தொழிலாகச் செய்கிறவர்கள் அவர்கள்.

ஸ்பெயின் தேசத்துக் கதை இன்னும் சாமர்த்தியம். அங்கே கடற்கரை ஊர்களில் கோடை முழுவதும் திருவிழாக் கூட்டம். குளிர் காலம் வந்தால் ஓட்டல்களை இழுத்து மூடிவிட்டுச் சிப்பந்திகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 1985-ல் அரசாங்கம் ஒரு யோசனை செய்தது. ஓய்வூதியக்காரர்களுக்குப் பள்ளி விடுமுறையும் கிடையாது, ஆபீஸ் லீவும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். காலி அறைகளில் அவர்களைக் கொண்டு போய்த் தங்க வைத்தால் என்ன? செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கும். மீதியை அவர்களே கொடுக்க வேண்டும். முதல் வருஷம் பதினாறாயிரம் பேருக்கு இடம். பின்னால் அது லட்சக் கணக்கில் வளர்ந்தது. பெனிடோர்ம் போன்ற கடற்கரை ஊர்களில் குளிர் காலத்திலும் ஓட்டல் விளக்குகள் எரிந்தன. சமையற்காரருக்கும் படுக்கை தட்டிப் போடும் பெண்ணுக்கும் வேலை நிலைத்தது. அவர்கள் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: பொதுவாக அறுபத்தைந்து வயது என்று வைத்துவிட்டு, விதவை ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கு மட்டும் ஐம்பத்தைந்திலிருந்தே அனுமதி என்று எழுதி வைத்தார்கள். அந்த வரியை எழுதியவர் யாரோ, அவருக்கும் ஒரு சித்தி இருந்திருக்க வேண்டும்!

நம் ஊட்டியையும் கொடைக்கானலையும் எடுத்துக் கொள்ளுங்கள். மே மாதத்தில் கார்கள் மலைப் பாதையில் மைல் கணக்கில் நிற்கின்றன. அறை வாடகை ஆகாசத்தில் இருக்கிறது. காரணம், குழந்தைகளுக்கு அப்போதுதான் லீவு. பேத்திகளின் லீவுக்காகப் பாட்டியும் அந்த நெரிசலில் போய் இடிபட வேண்டுமா? தை மாதத்துச் செவ்வாய்க் கிழமை ஒன்றில் போகலாமே! கேரளத்து வைத்திய சாலைகள் இந்த ரகசியத்தை அறிந்தவை. சுற்றுலாக்காரர்கள் வராத ஆடி மழைக் காலத்தையே, அவர்கள் கணக்கில் கர்க்கடக மாதத்தையே, 'எண்ணெய் பிழிச்சலுக்கு இதுதான் ஏற்ற காலம்' என்று சொல்லி வயதானவர்களை வரவழைத்துவிடுகிறார்கள்.

"எங்கள் வீட்டுப் பாட்டி அமெரிக்காவுக்கே போய் வந்துவிட்டாளே!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. ஆமாம், நானும் பார்க்கிறேன். சர்வதேச விமான நிலையத்தில் சுண்டைக்காய் வற்றலும் பிரசவ லேகியமும் பெட்டியில் வைத்துக்கொண்டு நிற்கிற அம்மாக்களை எண்ணி முடியாது. ஊரில் குழந்தைகள் குறைந்து, இருக்கும் ஒன்றிரண்டும் கடல் கடந்து போய்விட்டதால் விளைந்த பிரயாணம் இது. புள்ளி விவரக்காரர்கள் இதையும் சுற்றுலா என்றுதான் எழுதிக் கொள்கிறார்கள். கனடா தேசம் 2011-ல் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் என்றே தனியாக ஒரு விசா ஏற்படுத்தியது. 2022-ல் ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம் என்று அதை நீட்டியது. பாசத்துக்காகச் செய்தார்கள் என்பது உண்மைதான். அங்கே குழந்தை பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு என்ன சம்பளம் என்பதும் உண்மைதான். ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த என் சிநேகிதி ஒருத்தியிடம், "என்ன பார்த்தாய்?" என்று கேட்டேன். "வாஷிங் மிஷினையும் பனியையும் பார்த்தேன். பனியை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்" என்றாள்.

பணம் உள்ள வீட்டுக் கதையாகவே சொல்லிக்கொண்டு போகிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். முதியோர் உதவித் தொகையை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். அதை நம்பி இருக்கும் பாட்டி, அரிசியும் மாத்திரையும் வாங்கிய பிறகு எந்த ரயிலில் ஏறுவாள்? அவர்களுக்காகச் சில ராஜ்யங்கள் யாத்திரைச் செலவை ஏற்றுக் கொண்டிருக்கின்றன. மத்தியப் பிரதேசம் 2012-ல் அறுபது கடந்தவர்களுக்கு இலவச யாத்திரை ரயில் விட்டபோது, போபாலிலிருந்து கிளம்பிய முதல் வண்டி எங்கே வந்தது தெரியுமா? நம் ராமேசுவரத்துக்குத்தான். தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறை 2022-23-ல் இருநூறு பேரை ராமேசுவரத்திலிருந்து காசிக்கு அழைத்துச் சென்றது. பின்னர் எண்ணிக்கையைக் கூட்டியதோடு, அறுபடை வீட்டு யாத்திரையும் தொடங்கியது.

நல்ல காரியம். ஆனால் வயது வரம்பு அறுபது முதல் எழுபது வரை. கைலாச மானசரோவர் யாத்திரைக்கும் எழுபதுதான் எல்லை. அந்த உயரத்தில் மூச்சுத் திணறும், நியாயந்தான். காசிக்கு ரயிலில் போக எழுபத்தொன்று ஆகாதா? ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற பயம் அதிகாரிகளுக்கு இருப்பதும் புரிகிறது. பிரயாண இன்ஷூரன்ஸ்காரர்களும் வயது ஏற ஏறக் கட்டணத்தை ஏற்றுகிறார்கள். ஆக, அறுபதுக்கு முன்னால் குடும்பம் விடாது. எழுபதுக்குப் பின்னால் மற்றவர்கள் விட மாட்டார்கள். நடுவில் இருப்பது பத்தே வருஷம். உடம்பும் அதே பத்துப் பதினைந்து வருஷத்துக்குத்தான் சம்மதிக்கிறது. அறுபத்தைந்தில் பறந்து பறந்து ஊர் சுற்றுகிறவர், எண்பதில் உள்ளூர்க் கோயிலோடு நின்றுவிடுகிறார். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று நாம் சொல்லும்போது, எந்தக் கணக்கிலிருந்து அந்த வருஷத்தை எடுக்கிறோம் என்பதை நினைப்பதில்லை.

சித்தியின் விஷயத்தில் எல்லாவற்றுக்கும் பெரிய தடங்கல் வயதும் அல்ல, தனி அறைக் கட்டணமும் அல்ல. மாலை மூன்றரை மணி! பள்ளிக்கூட வேன் அந்த நேரத்துக்கு வரும். பேரனை வாசலில் நின்று வாங்கிக் கொள்ள வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள்.

"போய்விட்டு வா, அம்மா. யார் வேண்டாம் என்கிறார்கள்? ஆனால் இப்போது யூனிட் டெஸ்ட். மார்ச்சில் பரீட்சை. ஏப்ரலில் அவன் வீட்டிலேயே இருப்பான். மேயில் வெயில். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும்..." என்றாள் மகள். பொல்லாத பெண் அல்ல. தாயிடம் உயிரையே வைத்திருப்பவள். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், டிசம்பர் வந்ததும் தானே நிறுத்திவிட்டாள். பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதம் கூட மிஞ்சவில்லை!

நாலு நாளைக்கு ஏற்பாடு செய்வது அப்படியொன்றும் பிரம்மப் பிரயத்தனமாக இல்லை. இரண்டு நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை செய்தார். ஒரு நாள் மகள் அரை நாள் லீவு எடுத்தாள். ஒரு நாள் வேனிலிருந்து பையனை நான் வாங்கிக் கொண்டேன். என் வீட்டு முறுக்கு டப்பா காலி. அறை விஷயத்தையும் டீச்சர் தீர்த்து வைத்தார். பதினொரு பேரையும் 'குறட்டை விடுகிறவர்கள்', 'விடாதவர்கள்' என்று இரண்டாகப் பிரித்து ஜோடி சேர்த்தார். மிஞ்சிய பதினொன்றாவது ஆள் அவரேதான். தனி அறைக் கூடுதல் கட்டணத்தை டூர்க்காரர் கேட்கவில்லை. கேட்கத் துணியவில்லை என்பதே சரி!

தை மாதக் கடைசியில் புறப்பட்டார்கள். இருபத்தேழு கோயில் பன்னிரண்டாகக் குறைந்திருந்தது. மூன்றாம் நாள் காலை சித்தியிடமிருந்து தொலைபேசி வந்தது. பின்னணியில் மணிச் சத்தம், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சித்தி, எங்கே இருக்கிறாய்?"

"சுவாமிமலையில். படியிலே உட்கார்ந்திருக்கிறேன்."

பதறிப் போய்விட்டேன். "ஏன், என்ன ஆயிற்று?"

"ஒன்றும் ஆகவில்லை. இங்கே அறுபது படிக்கும் அறுபது வருஷத்துப் பெயர் அல்லவா? பிரபவ, விபவ என்று டீச்சர் எண்ணிக் கொண்டே வந்தார். இருபத்தேழாவது படி விஜய. நான் விஜய வருஷத்துக்காரி, 1953. அதனால் என் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் அவரவர் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வழியை மறிக்கிறோம் என்று ஒருவர் திட்டிக்கொண்டு போகிறார். திட்டட்டும்!"

பாக்கி முப்பத்து மூன்று படியையும் ஏறிவிட்டாள். திரும்பி வந்து இரண்டு நாள் காலுக்குத் தைலம் தேய்த்துக் கொண்டாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அந்த டூர்க்காரர் அடுத்த யாத்திரைக்கான துண்டுப் பிரசுரத்தை எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுப் போனார். கோயில் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'படிகள்', 'கைப்பிடி உண்டா' என்று அச்சடித்திருக்கிறார். சித்தி அதை வாங்கிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், பேரனின் பரீட்சை அட்டவணைக்கு மேலே.